அழகுமுத்து வைத்த பேர்

கந்தப்பளையில் அழகுமுத்துவுக்கு முன்னாலும் மைக் பிடித்தவர்கள் இருந்தார்கள். இருந்தாலும், அந்த மைக் என்கிற இரும்புத் துண்டு அவருக்கு அடங்கியதுபோல் வேறு யாருக்கும் அடங்கியதில்லை. கல்யாணமா, கும்பாபிஷேகமா, மரண அறிவித்தலா, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டா, எதுவானாலும் தேயிலை மலைகளுக்கு மேலே மிதந்து வருகிற குரல் அவருடையதுதான். இராகலைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர், "இந்தக் குரலைக் கேட்டுத்தான் இந்த ஊர்ல பொண்ணு எடுக்கச் சம்மதிச்சேன்" என்று சொன்னதாக அழகுமுத்து சொல்வார். அந்த மாப்பிள்ளை யாரென்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பதினைந்து வயதில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டு இறங்கி நுவரெலியா மரக்கறிச் சந்தையில் லொறி கழுவினார். லொறி கழுவியவர் லொறியில் ஏறினார். ஏறியவர் ஓட்டக் கற்றார். யாரோ வேண்டாமென்று எறிந்த அம்ப்ளிஃபயரை எடுத்துவந்து குடைந்து குடைந்து பேச வைத்தார். இன்றைக்கு ‘அழகுமுத்து சவுண்ட்ஸ்’ என்று எழுதிய சின்ன லொறி, ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், டவுன் ஓரத்தில் மாடி வீடு. யாருடைய சிபாரிசும் கிடையாது. இப்படி வந்த மனிதனுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். இருக்கட்டுமே.

சவுண்ட்ஸ் அவருக்குச் சோறு போட்டது. ஊரில் மதிப்பு வாங்கிக் கொடுத்தது இன்னொரு வித்தை. அழகுமுத்து ஆளைப் பார்த்துப் பட்டப்பேர் வைப்பார். வைத்தால் அது புதுப்பெயின்ட்மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றாத தபால்காரருக்கு ‘மார்கழி’. எந்தக் கதையை ஆரம்பித்தாலும் "அதுக்கு முன்னால என்னா நடந்துச்சுன்னா" என்று பின்னாலேயே போகிற பஸ் டிரைவருக்கு ‘ரிவர்ஸ்’. யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்த தம்பு ஆசிரியர் எதற்கும் "ஓமோம்" என்பார். அவர் ‘ஓமோம் சேர்’ ஆனார். மாற்றலாகிப் போகும்போது பிரியாவிடைக் கூட்டத்தில் அதிபரே வாய் தவறி அந்தப் பேரைச் சொல்லிவிட்டார். கிரிக்கெட் டீம் கெப்டன் வினோஜன் வெளுப்பாக, நெட்டையாக இருப்பான், அவனுக்கு அந்த மலை மரக்கறியின் பேர், ‘லீக்ஸ்’. இப்போது அவனுடைய தாயே "லீக்ஸு, சாப்பிட வாடா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

இத்தனை வருடத்தில் அழகுமுத்து வைத்து ஒட்டாமல் போன பேர் ஒன்றே ஒன்றுதான். அது சுமனுக்கு வைத்த பேர்.

சுமன் மேல் லயத்துப் பூரணத்தின் மகன். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். மரக்கறித் தோட்டக்காரர்களின் தண்ணீர் மோட்டர்களைத் திருத்துவது அவன் தொழில். லீக்ஸ் பயிர் வாடுகிற நேரத்தில் அவனைத்தான் தேடி ஓடிவருவார்கள். இருபத்தாறு வயதாகிறதே என்று பூரணம் பெண் பார்க்க ஆரம்பித்தாள். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு வீடு. பூ, பழம், பலகாரம் எல்லாம் கொண்டு போனார்கள். பெண்ணின் தகப்பன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வாயில் வைக்கும்போது சுமன் சொல்லிவிட்டான்.

"ஒங்க பொண்ணு மேல ஒரு குறையும் இல்லைங்க. எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போறதில்ல. ஆம்பளைங்க மேலதான் போவுது. அது தெரிஞ்சுக்கிட்டே இவங்களக் கட்டி ஏமாத்த எனக்கு விருப்பமில்ல. அம்மாவுக்கு இன்னைக்குத்தான் தெரியும். அவங்களத் திட்டாதீங்க."

தகப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தப் பெண் மட்டும் கதவு நிலையில் நின்றபடி, "இப்பவே சொன்னதுக்கு தேங்க்ஸ் அண்ணே" என்றாளாம்.

இந்தக் கதை பஸ்ஸுக்கு முன்னால் கந்தப்பளைக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை முத்துலிங்கத்தின் சலூனில் அழகுமுத்துவுக்குச் சவரம். பெஞ்சில் நாலைந்து பெரியவர்கள். எல்லோரும் சுமனைப் பற்றியே பேசினார்கள், ஆனால் என்ன சொல்லிப் பேசுவது என்று தெரியாமல் மென்று மென்று பேசினார்கள். அழகுமுத்து கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"அவன் அரைப்பேருய்யா."

முத்துலிங்கத்தின் கத்தி நின்றது. பிறகு பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ என்று கணக்கு. சொன்ன கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அரைநாள் கூலிதான் விழும். அதற்கு அரைப்பேரு என்று சொல்வார்கள். கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, குடும்பம் நடத்தினால்தானே ஆம்பளைக்கு முழுப்பேரு? அதைச் செய்யாதவன் அரைப்பேரு. விளக்கம் சொல்லவே தேவை இல்லாத பேர். முத்துலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழகுமுத்தண்ணே, ஒங்க நாக்குல எவன்யா எழுதினான்?" என்றார். அழகுமுத்து கன்னத்து நுரையோடு புன்னகைத்தார்.

அன்று பின்நேரம் மைதானத்தில் கிரிக்கெட் டீமுக்குப் பயிற்சி, சுமனும் அதில் ஆடுகிறவன். சித்திரைப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஸ்பீக்கர்களை எங்கே நிறுத்துவது என்று பார்க்க அழகுமுத்து லொறியோடு வந்திருந்தார். பெட்டிகளை இறக்கி, ஒன்றை மேல் லயத்துப் பக்கம் திருப்பி வைத்து, மைக்கைத் தட்டினார்.

"ஹலோ, மைக் டெஸ்ட். ஒன், டூ, த்ரீ. பந்து போடத் தயாராகிறார் நம்ம லீக்ஸ். அரைப்பேரு சுமன் எங்கிருந்தாலும் மைதானத்துக்கு வரவும்."

சொல்லிவிட்டு, சிரிப்பு வந்து சேர இடம் விட்டு நின்றார். நல்ல மைக்குக்காரன் சிரிப்புக்கு இடம் விடத் தெரிந்தவன்.

சிரிப்பு வரவில்லை. வினோஜன் பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்கள். பெட்டி வேலை செய்யவில்லைபோல் என்று நினைத்து அழகுமுத்து ஒயரைப் பிடுங்கிச் செருகினார், சத்தத்தைக் கூட்டினார், அதே வாசகத்தை இன்னொரு முறை சொன்னார். பெட்டி நன்றாகவே வேலை செய்தது. சொல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து, அவர் காதிலேயே விழுந்தது.

பிச்சுக்குப் பக்கத்தில், அதில் விரிக்கிற பாயான மெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த சுமன் கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்தான். "வந்துட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு பீல்டிங் நிற்கப் போனான். பயிற்சி நடந்தது. அன்று முழுக்க மைக்குக்கு வேலை இல்லை.

வீட்டில் இராச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மகள் தனுஷிகா ரொட்டியைத் தட்டில் போட்டாள், ஆனால் சம்பலை வைக்கவில்லை. அவள் முன்பள்ளி ஆசிரியை. இளைஞர் கழகத்தின் செயலாளரும் அவள்தான்.

"சம்பல் எங்கம்மா?"

"அரைச் சாப்பாடுதான். அரைப்பேருக்கு அவ்வளவுதான் வரும்."

"யாரு அரைப்பேரு?"

"இன்னைக்கு மைக்குல ஒரே ஆள்தான் பேசுனாரு. ஒருத்தரும் சிரிக்கல. யாரு வேலை முடியாமப் போனது?"

அழகுமுத்து ரொட்டியைப் பிய்த்தார். "ஒரு பேரு வச்சதுக்கு இவ்வளவா? ரிவர்ஸ் கோவிச்சானா? லீக்ஸ் கோவிச்சானா?"

"அவங்களுக்கு நீங்க செய்யிறதப் பாத்துப் பேரு வச்சீங்க. இவனுக்கு எதப் பாத்து வச்சீங்க?"

"ஊரு ஒலகத்துல நடக்காததப் பாத்து வச்சேன்."

"நடக்காததா? எங்க கூட ஓஎல் சோதனை எழுதுனதுல இருந்து எங்களுக்குத் தெரியும்ப்பா. ஆரம்பத்துல பசங்க கேலி பண்ணத்தான் செஞ்சாங்க. அப்புறம் சலிச்சுப்போச்சு. அவன் மோட்டர் திருத்துறான், மெட்ச் ஆடுறான், என்னை விடக் கேவலமாப் பாடுறான். இதுல கேலி பண்ண என்னா இருக்கு? ஒங்களுக்கு நேத்துத் தெரிஞ்சது. அதான் புதுசா இருக்கு."

"அப்ப நாளைக்கு நீ ஒரு பொண்ணக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பியா?"

"நான் யாரையும் கூட்டிக்கிட்டு வரல. பேச்ச மாத்தாதீங்க."

அடுப்படியில் இருந்த மனைவி ராக்காயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ராக்காயி முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். புருஷன் மாடி வீடு கட்டிய பிறகும் முழங்கால் விடும் வரைக்கும் மலைக்குப் போனவள். அவள் ரொட்டிக் கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, அரைப்பேருன்னா என்னான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதா? லயத்துல பொறந்தவன்டீ நான்."

"லயத்துல பொறந்தீங்க. கூடை கட்டல. விடிஞ்சதுல இருந்து மழையில நின்னு, அட்டைக்கடி பட்டு, கை வெறைச்சுப் பறிச்சுக் கொண்டாந்து கொட்டுறது முழு ஆளு. முழு நாளு. அத அரைன்னு எழுதுறது யாரு?"

அழகுமுத்து ரொட்டியில் இன்னொரு துண்டு பிய்த்தார்.

"கண்டாக்கு" என்றாள் ராக்காயி. மலையில் வேலையை மேற்பார்க்கிற, பேர் எழுதுகிற உத்தியோகத்தரைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "பறிக்கிறவ ஒருநாளும் அரை இல்ல. எழுதுறவன்தான் அரையாக்குறான். அந்தப் பையன் அரைன்னு எழுத ஒங்களுக்கு எந்தத் துரை கண்டாக்கு வேலை குடுத்தாரு?"

தனுஷிகா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து சிரிப்புக் கேட்டது. சிரிப்போடு போனில் விரல் ஓடுகிற சத்தமும் கேட்டிருக்க வேண்டும், அழகுமுத்துவுக்குக் கேட்கவில்லை.

காலையில் அவர் பால் வாங்கக் கடைவீதிக்குப் போனார். ரொட்டிக் கடையில் நின்ற பையன், "கண்டாக்கையா, பெரட்டு கலைஞ்சிருச்சுங்களா?" என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கேட்பதுபோல் பணிவாகக் கேட்டான். ஆட்டோ நிறுத்தத்தில் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, எனக்கு இன்னைக்கு முழுப்பேரு போடுங்க, புள்ளைக்குட்டிக்காரன்" என்றான். சலூனில் முத்துலிங்கம்கூட, "வாங்க கண்டாக்கு" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். அழகுமுத்து இத்தனை வருடத்தில் ஊருக்குக் கொடுத்த பேர் எதுவும் இவ்வளவு வேகமாகப் போனதில்லை. இரவு கழகத்து வட்ஸ்அப்பில் ஏறிய பேர் காலையில் பஸ்ஸில் இறங்கியது.

பேர் வைப்பவனுக்கு யாரும் பேர் வைத்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. நடந்து போகும்போது முதுகில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதுபோல் இருந்தது. வேறு எந்தப் பேராக இருந்தாலும் சிரித்திருப்பார். ‘ஊதுகுழல்’ என்றோ ‘ஓட்டைவாய்’ என்றோ வைத்திருந்தால் தானே மைக்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்பார். கண்டாக்கு என்ற சொல் வேறு.

அவருடைய அம்மா காய்ச்சலோடு மலைக்குப் போன ஒருநாள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் சிறுவன் அழகுமுத்துவும் நின்றான். கண்டாக்கு நிறுவையைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை. "அரை" என்றார். அம்மா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான் அவர் பெரட்டுக்களத்தில் நிற்கமாட்டேன் என்று லொறி கழுவ இறங்கினார். ஆயுள் முழுக்க யாரிடமிருந்து தப்பி ஓடினாரோ அந்த ஆளின் பேரை ஊர் அவர் தலையில் கட்டிவிட்டது.

"மைக்க எவனாவது புடிச்சுக்கட்டும். நான் வரல" என்று அழகுமுத்து சொல்லி அனுப்பினார்.

கழகத்திலிருந்து வினோஜனும் துஷாந்தும் வந்தார்கள். துஷாந்த் வேகப் பந்து வீச்சாளன். இருவரும் பெட்டிகள் அடுக்கிய அறையில் உட்காராமல் நின்றார்கள்.

"மாமா, நீங்க இல்லாம மெட்ச் இல்ல" என்றான் வினோஜன். "இறம்பொடை டீம் வாறதே பாதி ஒங்க குரலக் கேக்கத்தான். ஆனா அந்தப் பேரு மட்டும் மைக்குல ஏறக்கூடாது. ஏறினா நாங்க மைதானத்த விட்டு எறங்கிருவோம்."

"எல்லாரும் ஒண்ணாச் சேந்து மெரட்டுறீங்களோ?"

"மெரட்டல மாமா, சொல்லி வைக்கிறோம். அவன் எங்க டீம்."

அழகுமுத்து துஷாந்தைப் பார்த்தார். "நீயுமாடா? ஒங்கப்பன் சலூன்ல எப்புடிச் சிரிச்சான் தெரியுமா?"

துஷாந்த் தலையைச் சொறிந்தான். "எனக்கு அந்த விசயம் சரியாப் புடிபடல மாமா, உள்ளதச் சொல்றேன். ஓஎல் காலத்துல அவன் சொன்ன நாள்ல இருந்து கொஞ்ச காலம் அவங்கூடப் பேசக்கூட இல்ல. அப்புறம் எங்க வீட்டு மோட்டர் எரிஞ்சுச்சு, அவந்தான் வந்தான். எனக்குப் புடிபடாததுக்கு அவன் என்னா பண்ணுவான்? ஆனா அந்தப் பேரு வேணாம். எங்கம்மா இன்னமும் கொழுந்துக்குப் போறாங்க."

அவர்கள் போன பிறகும் அழகுமுத்து மனம் இறங்கவில்லை. பொடியன்கள் சொல்லி மைக்கைப் பிடிப்பதா? பிடிக்காவிட்டால் கண்டாக்கு என்ற பேரோடு வீட்டில் உட்கார்ந்து எவனோ ஒருவன் மைக்கில் உளறுவதைக் கேட்க வேண்டும். பிடித்தால், தன் வாயில் வந்த பேரைத் தானே விழுங்க வேண்டும். இரண்டும் தொண்டையில் இறங்கவில்லை. ராக்காயி பார்த்துவிட்டு, "ரொட்டியாவது எறங்குதா?" என்று கேட்டாள்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் சுமனே வந்தான். தோளில் கருவிப்பை. வேலை முடித்து வருகிற வழி. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, "மாமா இருக்கீங்களா?" என்றான்.

"நீயும் மெரட்ட வந்தியா?"

"இல்ல மாமா. பேரு கேக்க வந்தேன்."

அழகுமுத்துவுக்கு விளங்கவில்லை.

"டீம்ல எல்லாருக்கும் நீங்க வச்ச பேரு இருக்கு. எனக்கு மட்டும் இல்ல. பள்ளிக்கூட டீம்ல இருந்து ஒங்க மைக்குக்கு முன்னாலதான் ஆடுறேன். எப்பப் பாத்தாலும் ‘சுமன் பந்த எடுத்து வீசுகிறார்’. அவ்வளவுதான். ஒரு நாளாவது வைப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில வச்சீங்க." அவன் சிரித்தான், ஆனால் பாதியில் நிறுத்தினான். "அன்னைக்கு ஒரு பெட்டிய மேல் லயத்துப் பக்கம் திருப்பி வச்சிருந்தீங்க. அம்மா சோத்துக்கு உலை வச்சுக்கிட்டு இருந்திருக்கு. கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலயாம். கதவ மட்டும் சாத்திருச்சாம். பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா சொன்னாங்க. எனக்கு யாரு என்னா சொன்னாலும் பழகிப் போச்சு மாமா. அதுக்குப் பழகல. உடப்புசல்லாவைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து எங்கூட ரெண்டு சொல்லு, மூணு சொல்லுதான் பேசுது. மெட்சு அன்னைக்கு வாசல்ல வந்து நிக்கும். வருசாவருசம் நிக்கும். மைக்குல என் பேரு வாறதக் கேக்க."

அழகுமுத்து மேசையில் கிடந்த ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"நான் யாரு மேல ஆசப்படுறேன்னு பாத்து வைக்காதீங்க" என்றான் சுமன். "ஆடுறதப் பாத்து வைங்க. மோசமா இருந்தாலும் பரவால்ல. லீக்ஸுக்கு வச்சத விட மோசமாவா இருக்கப் போகுது?"

"நீ எப்புடி ஆடுவ?" என்று கேட்டார் அழகுமுத்து.

சுமன் அவரை ஒரு நிமிடம் பார்த்தான். "பாத்ததில்லையா மாமா?"

அவன் போய்விட்டான். அழகுமுத்து யோசித்துப் பார்த்தார். மார்கழியின் ஸ்வெட்டரில் எத்தனை பொத்தான் என்று அவரால் சொல்ல முடியும். ரிவர்ஸ் எந்த வளைவில் கதையைத் தொடங்குவான் என்று தெரியும். சுமன் இடக்கையா வலக்கையா என்று மட்டும் நினைவுக்கு வரவில்லை. ஊரின் கண் தன்னுடையது என்று மார்தட்டிய மனிதருக்கு இது பெரிய அடி. அரைப்பேரு என்ற பேரில் சுமன் எங்குமே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு வேலையும் செய்யாமல் வைத்த பேர் அது.

அன்றிரவு ராக்காயியிடம், "சட்டையத் தேய்ச்சு வை. மைக்குக்குப் போறேன்" என்றார்.

"எந்தப் பேரோட?"

"போற எடத்துலதான் பாக்கணும்."

சித்திரைப் போட்டி. இறம்பொடை டீம் ஒரு வேன் நிறைய வந்திருந்தது. கந்தப்பளை முதலில் ஆடியது. அழகுமுத்து மைக்கில் வழக்கம்போல் வெளுத்து வாங்கினார். லீக்ஸ் அடித்தான், துஷாந்த் விழுந்தான், ஊர் சிரித்தது. சுமன் மட்டையோடு வந்தபோது வினோஜன் எல்லைக்கோட்டில் எழுந்து நின்றான். தனுஷிகா மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அடுத்து வருபவர் சுமன்" என்றார் அழகுமுத்து. "வலக்கை ஆட்டக்காரர்" என்று சேர்த்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை. சுமன் நாலு ஓட்டம் எடுத்து ஆட்டமிழந்தான். அதில் பேர் வைக்க ஒன்றும் இல்லை.

இறம்பொடை ஆடும்போது மூட்டம் இறங்கியது. கந்தப்பளை மூட்டம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முதலில் மேல் லயம் மறைந்தது, பிறகு கோயில் கோபுரம், பிறகு எல்லைக்கோட்டில் நின்ற ஆட்கள். நிறுத்தலாமா என்று கேட்டார்கள். இன்னும் ஒரு ஓவர்தானே, முடிப்போம் என்று இரண்டு பக்கமும் சொன்னது. கடைசிப் பந்து வந்தபோது இறம்பொடைக்கு இரண்டு ஓட்டம் வேண்டும்.

துஷாந்த் வீசினான். ஆட்டக்காரன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினான். பந்து மேலே போனது, மூட்டத்துக்குள் நுழைந்தது, காணாமல் போனது. அது போன திசையில் தேயிலை ஓரமாகச் சுமன் நிற்கிறான் என்று தெரியும், அவனைத் தெரியவில்லை. இறம்பொடைக்காரர்கள் இரண்டு ஓட்டமும் ஓடி முடித்தார்கள். பிடித்திருந்தால் ஆள் அவுட், ஓட்டம் செல்லாது, கந்தப்பளைக்கு வெற்றிக் கிண்ணம். பிடிக்காவிட்டால் இறம்பொடைக்கு. அம்பயர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். மைதானமே ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாய் ஓயாத அழகுமுத்துவும் மைக்கை இறக்கிவிட்டார்.

மூட்டத்திலிருந்து சுமன் நடந்து வந்தான். பந்து கையில் இருந்தது. கந்தப்பளை தொண்டை கிழியக் கத்தியது. வினோஜன் ஓடிப்போய் அவனைத் தூக்கப் பார்த்தான். சுமன் அவனைக் கையால் விலக்கிவிட்டு அம்பயரிடம் போனான்.

"புடிச்சியா?" என்றார் அம்பயர்.

"இல்லைங்க. தரையில பட்டுத்தான் எடுத்தேன்."

பிறகு நடந்ததை எழுத முடியாது. லீக்ஸ் சொன்ன கெட்ட வார்த்தையில் பாதி அழகுமுத்துவுக்கே புதிது. துஷாந்த் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "எவன்டா பாத்தான்? எவனாவது பாத்தானா? புடிச்சேன்னு ஒரு சொல்லு சொன்னா செத்தா போவ?" என்றான். சுமன், "பட்டுச்சுடா, என்னா செய்யச் சொல்ற?" என்றான். இறம்பொடைக்காரர்கள் கிண்ணத்துக்கு ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

அழகுமுத்து மைக்கை எடுத்தார். மூட்டத்துக்குள் குரல் தெளிவாகப் போயிற்று.

"இறம்பொடை அணி வெற்றி. வாழ்த்துக்கள். நம்ம ஊருக்குக் கிண்ணம் இல்ல. இந்தக் கடைசிப் பந்த அம்பயர் பாக்கல. நான் பாக்கல. ஒங்கள்ல ஒருத்தரும் பாக்கல. பாத்தது ஒரே ஆள். அந்த ஆள் நம்ம ஆளு." மூச்சு விட்டார். "தோட்டத்துல எத்தனையோ தராசப் பாத்திருக்கோம். எல்லாம் துரை பக்கம் சாயும். நம்ம பக்கம் சாயுற தராசு ஒண்ணு கெடைச்சா நல்லா இருக்குமேன்னு நாம எல்லாரும் நெனைக்கிறதுதான். இன்னைக்கு நமக்குக் கெடைச்சது எந்தப் பக்கமும் சாயாத தராசு. அதான் தோத்துட்டோம். மேல் லயத்துப் பூரணம் மகன், தராசு சுமன்."

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், "நல்ல தராசய்யா, கிண்ணத்தையே நிறுத்துக் குடுத்துருச்சு" என்றார். அதற்குச் சிரிப்பு வந்தது. முதலில் பெரியவர்களிடம், பிறகு, வேண்டா வெறுப்பாக, கந்தப்பளைப் பையன்களிடமும். மேல் லயத்தில் கதவு திறந்திருந்ததா, வாசலில் யாராவது நின்றார்களா என்று அழகுமுத்து பார்த்தார். மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆட்கள் கலைந்தார்கள். அழகுமுத்து ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார். பிச் பக்கத்திலிருந்து துஷாந்தின் குரல் வந்தது, இன்னும் ஆறாத கோபத்தோடு.

"ஏ தராசு, மெட்ட நீயே சுருட்டுடா. ஒன்னாலதான தோத்தோம்."

"சுருட்டுறேன்டா, கத்தாத."

தனுஷிகா தகப்பனைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. ஆனால் சுருட்டிய ஒயரையே மறுபடியும் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மெட்டை லொறியில் போட வந்த சுமன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். "மாமா, இந்தப் பேரு கொஞ்சம் பாரமா இருக்கு. இனிமே ஒரு பொய் சொல்ல வழியில்லாமப் பண்ணிட்டீங்க."

"பேசாமப் பெட்டியோட அந்தப் பக்கத்தப் புடி" என்றார் அழகுமுத்து. "சாயாமத் தூக்கு."